ஐந்து கீர்த்தனை, ஒரு பிளாங்க் சிடி

தியாகராஜர் சென்னைப் பக்கம் வந்திருந்தபோது, சீடர் வீணை குப்பையரின் விருப்பப்படி திருவொற்றியூருக்குப் போனார். வடிவுடையம்மனைத் திரிபுரசுந்தரியாக விளித்து அங்கே ஐந்து கீர்த்தனைகள் செய்தார். பேகடா, ஆரபி, கல்யாணி, சாவேரி, சுத்த சாவேரி என்று ராகத்துக்கு ஒன்று. திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படுபவை அவைதாம்.

அந்த ஐந்தும் ஒரே சிடியில் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2012. சிடியை வாங்கியவர் திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் குடியிருக்கும் ஒரு பாட்டு வாத்தியார். பார்வை இல்லாதவர். தினமும் போட்டுப் போட்டு அசல் தட்டு கீறலாகிவிடும் என்று, தன் உபயோகத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அசலைப் பத்திரமாக வைத்துவிட நினைக்கிறார். வீட்டில் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய சிடி ரைட்டர், பர்மா பஜாரில் வாங்கிய பிளாங்க் சிடி, பேசும் மென்பொருள் எல்லாம் உண்டு. கூடமாட ஒத்தாசைக்குத்தான் ஆள் இல்லை.

கேசட் காலத்தில் அவருக்கு இது பெரிய காரியமே இல்லை. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் போய், வேண்டிய பாட்டுகளை வாயால் சொன்னால் போதும். 60 நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுத்துவிடுவார்கள். வீட்டிலேயே இரண்டு டெக் இருந்தால் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் வேலை முடிந்தது. பொத்தான்களுக்கு உருவம் இருந்தது, விரலுக்குத் தெரிந்தது. சிடி வந்த பிறகு அந்தப் பொத்தான்கள் எல்லாம் கண்ணாடித் திரைக்குள் போய்விட்டன. தடவினால் கண்ணாடி மட்டும்தான் தட்டுப்படும்.

தட்டிலிருந்தே தொடங்கலாம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-இல் வகுத்த விதிகளின்படி, சிடி என்பது 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பாலிகார்பனேட் தட்டு. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. தட்டில் ஒரே ஒரு தடம்; உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிச் சுருளாகப் போகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். 74 நிமிடத் தட்டின் தடத்தைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ராயபுரம் ரயில் நிலையத்தில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் மறுமுனை தண்டையார்பேட்டையைத் தாண்டிவிடும். அச்சடித்த சிடியில் அந்தத் தடம் நெடுக அரை மைக்ரான் அகலத்தில் பள்ளங்கள் இருக்கும். அதன் மீது ஓடும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். மனிதக் கண்ணின் எல்லைக்கு அது அப்பாற்பட்டது.

ஆக, பள்ளத்தையும் வெறுங்கண்ணால் யாரும் பார்த்ததில்லை, அதைப் படிக்கும் ஒளியையும் யாரும் பார்ப்பதில்லை. இருபது இருபது கண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் 'முடிந்தது' என்று இயந்திரம் சொன்னால் நம்புவார், 'பிழை' என்று சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். பாட்டு வாத்தியாரும் அதையேதான் செய்ய வேண்டும். சிடி நகலெடுப்பில் பார்வை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் தட்டில் இல்லை, லேசரில் இல்லை, இயந்திரம் தன் சேதியை எழுத்தாகச் சொல்கிறதா வெறும் படமாகக் காட்டுகிறதா என்ற ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அந்த இடத்தில் வேலை செய்வதுதான் ஸ்கிரீன் ரீடர். திரை வாசிப்பான் என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டால் அது திரையைப் பார்த்துப் படிக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது திரையைப் பார்ப்பதே இல்லை. ஒரு மென்பொருளில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் பெட்டிக்கும் ஒரு பெயர், ஒரு வகை, ஒரு நிலை உண்டு. 'ரிப் சிடி, பொத்தான்', 'இடைவெளி இல்லாமல் எழுது, செக் பாக்ஸ், டிக் இல்லை' என்கிற மாதிரி. ஸ்கிரீன் ரீடர் இந்த விவரங்களை இயங்குதளத்திடம் கேட்டு வாங்கிக் குரலாக மாற்றுகிறது. இப்படிக் கேட்டு வாங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் 1997-இல் ஒரு பொது வழியை ஏற்படுத்தியது. அதற்கு முன்னால் ஸ்கிரீன் ரீடர்கள் திருட்டுத்தனமாகத்தான் பிழைத்தன: திரைக்குப் போகும் வரைகலைக் கட்டளைகளை வழியிலேயே மறித்துப் படித்து, எந்த எழுத்து எங்கே விழுகிறது என்று தங்கள் நினைவகத்தில் ஒரு நிழல் திரையைக் கட்டிக்கொண்டன.

மென்பொருளை எழுதியவர் ஒரு பொத்தானை அழகான ஓவியமாக வரைந்துவிட்டு அதற்குப் பெயர் வைக்க மறந்துவிட்டால், ஸ்கிரீன் ரீடர் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். சிடி ரைட்டரோடு இலவசமாக வந்த மென்பொருள்களில் பல அந்த ரகம்தான்: உலோகப் பளபளப்பு, வளைந்த விளிம்புகள், சுழலும் தட்டின் படம், பெயரில்லாத பொத்தான்கள். அதே காலத்தில் சாம்பல் நிறத்தில் எந்த அலங்காரமும் இல்லாமல் விண்டோஸின் சாதாரணப் பெட்டிகளையே வைத்துக்கொண்டு வந்த சிடெக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் பார்வையற்றவர்களுக்குத் தோதாக இருந்தன. வினாம்ப் என்ற பாட்டு பிளேயரிலும் இசட், எக்ஸ், சி, வி, பி என்ற ஐந்து விசைகளிலேயே முந்தைய பாட்டு, ஓட்டம், இடைநிறுத்தம், நிறுத்தம், அடுத்த பாட்டு எல்லாம் அடங்கிவிடும். அழகு குறைந்த மென்பொருள் பேசியது, அழகானது ஊமையாக இருந்தது.

ஸ்கிரீன் ரீடர்களை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் பலர் பார்வையற்றவர்களே. ஜாஸ் மென்பொருளைத் தொடங்கிய டெட் ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தவர். டாஸில் ஓடிய ஜாஸ் 1989-இல் வந்தது, விண்டோஸுக்கான ஜாஸ் 1995-இல். ஆனால் அதன் விலை பின்னாளில் 900 டாலரைத் தொட்டது. திருவொற்றியூரில் டியூஷன் எடுக்கும் பாட்டு வாத்தியாருக்கு அது கம்ப்யூட்டரை விட விலை கூடிய மென்பொருள். 2006-இல் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். என்விடிஏ இலவசம். நம் வாத்தியார் கம்ப்யூட்டரில் இருப்பது அதுதான்.

அசல் சிடியை டிரைவில் போட்டு விண்டோஸ் மீடியா பிளேயரைத் திறக்கிறார். அம்பு விசையை அழுத்த அழுத்தக் குரல் சொல்கிறது: 'டிராக் 1', 'டிராக் 2', 'டிராக் 3'. பேகடாவும் இல்லை, கல்யாணியும் இல்லை. சாதாரண இசை சிடியில் பாட்டின் பெயரே பதியப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. எந்தப் பாட்டு எந்த நொடியில் தொடங்குகிறது என்ற ஒரு பட்டியல் மட்டும் தட்டின் உள்விளிம்பில் இருக்கும். பெயர்கள் அட்டையில்தான். பார்வை உள்ளவர் அட்டையைப் புரட்டிக்கொள்வார்.

இந்தக் குறைக்கு அமெரிக்கர்கள் சிலர் 1990-களில் ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். பாட்டுகளின் தொடக்க நேரங்களைக் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஏறக்குறையத் தனித்துவமான ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணோடு இணையத்தில் ஒரு தரவுதளத்தைக் கேட்டால், அதே தட்டை முன்பே வாங்கிய யாரோ ஒருவர் தட்டச்சு செய்துவைத்த பெயர்கள் வந்து சேரும். சிடிடிபி அப்படிப் பிறந்ததுதான். உலகப் புகழ்பெற்ற இசைத்தட்டுகளுக்கு இது மந்திரம் போல வேலை செய்தது. கர்நாடக சங்கீதத் தட்டுகளுக்குப் பல சமயம் 'அன்னோன் ஆல்பம்' என்ற பதில்தான். பெயர் வந்தாலும் ரோமன் எழுத்தில் வரும். ஆங்கிலக் குரல் அதைக் கடித்துக் குதறித் துப்பும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே படிக்க இ-ஸ்பீக் என்ற இலவசக் குரல் இருந்தது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி குழுவினரும் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியினரும் இன்னும் இயல்பான தமிழ்க் குரல்களை உருவாக்கி என்விடிஏவோடு இணைத்தார்கள். ஆனால் பாட்டின் பெயர் ஒருங்குறியில் இருந்தால்தான் இவை எல்லாம் படிக்கும். பழைய எட்டு பிட் தமிழ் எழுத்துருக்களில் அடித்த பெயர் ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் உளறல்தான். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

வாத்தியாருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒவ்வொரு டிராக்கையும் நாலு நொடி ஓடவிட்டால் ராகம் தெரிந்துவிடும். பெயரை அவரே அடித்துக்கொள்வார்.

அடுத்தது பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் இறக்குவது, அதாவது ரிப் செய்வது. இங்கே ஒரு பழைய பயம் உண்டு: ஸ்கிரீன் ரீடர் பேசிக்கொண்டே இருக்கிறதே, அந்தக் குரல் பாட்டோடு கலந்துவிடாதா? கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் பதியும்போது அது நிஜமாகவே நடக்கும். ஒலிப்பதிவுக்கு ஸ்பீக்கருக்குப் போகும் மொத்தச் சத்தத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டால், ஆலாபனையின் நடுவே 'ஸ்டாப், பொத்தான்' என்று ஒரு இயந்திரக் குரல் சஞ்சாரம் செய்யும். சிடியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரிப் செய்வது ஒலிப்பதிவு அல்ல. எண்களை எடுத்து எழுதிக்கொள்வது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் இடம் வலம் இரண்டுக்கும் 16 பிட் எண்ணாகத் தட்டில் வைத்திருக்கிறார்கள். நொடிக்கு 1,76,400 பைட். டிரைவ் அந்த எண்களை வாசித்துக் கோப்பில் போடும்போது ஸ்பீக்கர் பக்கமே போவதில்லை. ஸ்கிரீன் ரீடர் கத்தினாலும் பாட்டில் ஒரு பிட் மாறாது.

ஆனால் கேட்கும்போது சிக்கல் இருந்தது. விண்டோஸ் 95, 98 காலத்துப் பல சவுண்ட் கார்டுகள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் வாய் கொடுக்கும். பாட்டு அதைப் பிடித்துக்கொண்டால் ஸ்கிரீன் ரீடர் ஊமையாகிவிடும். பாட்டை நிறுத்தும் பொத்தானைத் தேடக்கூட வழி இருக்காது. வசதி உள்ளவர்கள் இரண்டு சவுண்ட் கார்டு மாட்டினார்கள், அல்லது பேச்சுக்கென்று தனி இயந்திரம் வைத்துக்கொண்டார்கள். 2012-இல் விண்டோஸே எல்லாச் சத்தத்தையும் கலந்து கொடுக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

வாத்தியார் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மீடியா பிளேயர் தானாக விட்டால் பாட்டைச் சுருக்கிய வடிவத்தில்தான் இறக்கும். தம்புராவின் நுண்ணிய ரீங்காரம் அதில் கொஞ்சம் அடிபடும். டேப் விசையைத் தட்டித் தட்டி ஆப்ஷன்ஸுக்குள் போய், காம்போ பாக்ஸில் அம்பு விசையால் 'வேவ், லாஸ்லெஸ்' என்று குரல் சொல்லும் வரை நகர்த்தியாக வேண்டும். எம்பி3 ஆக்கினால் 128 கிலோபிட் வேகத்தில் ஒரே தட்டில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு கொள்ளும். பர்மா பஜாரில் நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று விற்ற சிடிக்களின் கணக்கு அதுதான். நகல் அசல் போலவே இருக்க வேண்டுமென்றால் அந்த ஆசையை விட வேண்டும்.

பிளாங்க் சிடியில் பள்ளம் கிடையாது. பாலிகார்பனேட் மேல் ஒரு கரிமச் சாயப் படலம், அதன் மேல் பிரதிபலிக்கும் வெள்ளிப் படலம், அதன் மேல் மெல்லிய அரக்கு. எழுதும்போது லேசரின் சக்தி கூடும். அது பட்ட இடத்தில் சாயம் வெந்து ஒளியைத் திருப்பும் தன்மையை இழக்கும். பிறகு படிக்கும் டிரைவுக்கு அது பள்ளம் போலவே தெரியும். ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988-இல் செய்து காட்டிய வித்தை இது. இந்தியாவில் மோசர் பேர் 1999-இல் இத்தகைய தட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கி, உலகின் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்து, 2018-இல் கலைப்பு உத்தரவு வாங்கியது. எழுதிய தட்டில் வெந்த பகுதியும் வேகாத பகுதியும் லேசாக நிறம் மாறித் தெரியும். எவ்வளவு இடம் தீர்ந்தது என்று பார்வை உள்ளவர் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு சலுகை உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுதத் தொடங்குமுன் இன்னொரு செக் பாக்ஸ். கச்சேரிப் பதிவில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று பிரித்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் தம்புரா அறுபடாமல் ஓடும். டிராக் டிராக்காக எழுதினால் நடுவில் இரண்டு நொடி மௌனம் விழும். கல்யாணி ஆலாபனை முடிந்ததும் கரண்ட் போனது போல ஒரு மௌனம், பிறகு பல்லவி. இடைவெளி இல்லாமல் எழுதும் வசதியை ஸ்பேஸ் பாரால் டிக் செய்தால் இந்தக் கொடுமை நேராது.

பர்ன் பொத்தானில் என்டரைத் தட்டியதும் டிரைவ் சீறிக்கொண்டு சுழல ஆரம்பிக்கிறது. இனி லேசர் நிற்கக் கூடாது. பழைய டிரைவ்களில் இரண்டு மெகாபைட் இடைநினைவகம்தான் இருந்தது. நான்கு மடங்கு வேகத்தில் இசையை எழுதினால் அது மூன்று நொடிக்குத் தாங்கும். அதற்குள் கம்ப்யூட்டர் அடுத்த எண்களை அனுப்பாவிட்டால் எழுத்து அறுந்து தட்டு குப்பைக்குத்தான். எழுதும் நேரத்தில் ஸ்கிரீன் ரீடரையே நிறுத்திவைத்தவர்களும் உண்டு, அதன் பேச்சு செயலியின் நேரத்தைத் தின்றுவிடுமோ என்று. 2000-இல் சான்யோ, எழுத்து அறுந்த இடத்தை நினைவில் வைத்து அங்கிருந்தே தொடரும் நுட்பத்தைக் கொண்டுவந்தது. அந்தத் தொல்லை அதோடு ஒழிந்தது.

மின்வெட்டுக்கு எந்த நுட்பமும் உதவாது. 2012-இன் தொடக்கத்தில் சென்னையின் தினசரி மின்வெட்டு இரண்டு மணி நேரமாக்கப்பட்டது. இரண்டு அனல்மின் நிலையங்களை மடியில் வைத்திருந்த வடசென்னைக்கும் விலக்கில்லை. எண்ணூர்ப் புகை வீட்டுக்குள் வரும், மின்சாரம் வராது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும் தட்டு பாதியில் பாழ். ஸ்கிரீன் ரீடர் திடீரென்று மௌனமானால் மென்பொருள் உறைந்துவிட்டதா, ஸ்பீக்கர் ஒயர் கழன்றதா, கரண்ட் போனதா என்று முதலில் குழப்பம். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது தளர்ந்தால் விடை கிடைத்துவிடும்.

எழுதும் வேலை எவ்வளவு முடிந்தது என்பதைப் பார்வை உள்ளவர்கள் நீண்டுகொண்டே போகும் பச்சைப் பட்டையில் பார்ப்பார்கள். என்விடிஏ அதை 'பீப்' ஒலியாக்குகிறது. பட்டை நகர நகர ஒலியின் சுருதி ஏறும். அதன் கணக்கு இசைக்காரர்களுக்கு இனிக்கும்: தொடக்கத்தில் நொடிக்கு 110 அதிர்வுகள், கால் பங்கு முடிந்ததும் 220, பாதியில் 440, முக்காலில் 880, முடிவில் 1,760. அதாவது ஒவ்வொரு கால் பங்குக்கும் சரியாக ஒரு ஸ்தாயி. காது பழகிய பாட்டு வாத்தியார் அடுத்த அறையில் மாணவிக்கு வர்ணம் சொல்லிக்கொடுத்தபடியே, பீப் எந்த ஸ்தாயியில் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பதை வைத்து எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லிவிடலாம். பச்சைப் பட்டையைப் பார்க்கிறவர் அதற்குத் திரை முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். கடைசியில் தட்டு தானாக வெளியே நீண்டு 'கடக்' என்று நிற்பது எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு.

இப்போது கையில் ஒரே மாதிரி இரண்டு தட்டுகள். எது அசல், எது நகல்? பிரெய்லில் எழுதி ஒட்டலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே பௌதிகம் குறுக்கே நிற்கிறது. பளபளக்கும் அடிப்பக்கம்தான் சிடியின் உயிர்நிலை என்று நினைத்துப் பலரும் அதைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். உண்மையில் அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பாலிகார்பனேட் கவசம் இருக்கிறது. சிறு கீறல்களைச் சமாளிக்கப் பிழை திருத்தும் கணிதமும் இருக்கிறது. ரீடும் சாலமனும் 1960-இல் வகுத்த அந்தக் கணிதத்தோடு, எண்களைக் கலைத்து நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளில் பரப்பியும் வைப்பதால், தடத்தில் இரண்டு மில்லிமீட்டர் அழிந்தாலும் பாட்டை முழுதாக மீட்டுவிடலாம். மேல்பக்கத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சில மைக்ரான் அரக்குக்கு அடியிலேயே சாயமும் வெள்ளியும். பிரெய்ல் ஊசியால் அங்கே புள்ளி குத்தினால் பாட்டிலேயே குத்தியதாகும். ஒட்டும் தாளும் கூடாது என்று அமெரிக்கத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி எச்சரித்தது. பிரெய்ல் சீட்டை உறையில் ஒட்டுவதே உத்தமம். மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்பதை விரலே சொல்லும்: நடு ஓட்டையைச் சுற்றி மெல்லிய வளையமாக மேடு தட்டுப்படுவது பெரும்பாலும் அடிப்பக்கம்.

இப்படி நகலெடுப்பதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2012 திருத்தம் அதே பிரிவில், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் படைப்புகளை ஆக்கிக்கொள்ளவும் இடம் தந்தது. 2014-இல் பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்; ஆனால் அது புத்தகங்களைப் பற்றியது, இசைத்தட்டைப் பற்றியதல்ல. விற்பனைக்கு நகல் போடுவது வேறு கதை. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோக்காரர்கள் குண்டர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில் சிடி டிரைவே கிடையாது. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பாடிவரும் பார்வையற்ற பாடகர்களின் ஸ்பீக்கரில் பென் டிரைவ் செருகியிருக்கிறது. ஆனால் எழுதிய தட்டுகள் வீடுகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவற்றின் சாயம் மெல்ல வெளுத்துவருகிறது. வெயிலும் ஈரப்பதமும் சாயத்துக்கு ஆகாது. வெள்ளிப் படலத்துக்குக் கந்தக வாயுக்கள் ஆகாது, கருக்கும். மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும் எண்ணூர் நிலக்கரிக்கும் நடுவில் இருக்கும் வீடுகளில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. பிழை திருத்தும் கணிதம் தோற்கும்போது பிளேயர் முன்பின் எண்களின் சராசரியை இட்டு நிரப்பும்; அதுவும் முடியாவிட்டால் சட்டென்று ஓசையை அடக்கிவிடும்.

தட்டு முழுதும் போவதற்குள் மீட்க நினைப்பவர்கள் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளை நாடுகிறார்கள். அது ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு முறை வாசித்து ஒப்பிடும்; ஒத்துவராவிட்டால் திரும்பத் திரும்ப வாசிக்கும். முடிந்ததும் எந்த டிராக்கில் எந்த நிமிடம், எந்த நொடி சந்தேகத்துக்குரியது என்று ஓர் அறிக்கை தரும். அறிக்கை சாதாரண எழுத்துக் கோப்பு. படமில்லை, வண்ணமில்லை, ஸ்கிரீன் ரீடர் வரி விடாமல் படிக்கும். அந்த நொடிக்குத் தாவி ஒரு முறை கேட்டால், சொடுக்குச் சத்தம் இருக்கிறதா, விட்டுவிடலாமா, டிரைவின் வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை வாசிக்கச் சொல்லலாமா என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.